வெள்ளாவியிலிருந்து குளிர்நீர் வரை: வாஷிங் மெஷின் ஏன் நாறுகிறது?

ஒரு வாக்குமூலத்தோடு தொடங்குகிறேன். போன மழைக்காலத்தில், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் சண்டை போட்டேன். இஸ்திரி போட்டு வந்த சட்டைகளில் ஈரக் கோணிச்சாக்கு மாதிரி ஒரு வாடை. மழையில் நனைந்த துணிகளோடு எங்கள் துணியையும் சேர்த்து மூட்டை கட்டி வைக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, நாலு பேர் முன்னால் கேட்டும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வாடை நம்ம வண்டியில இல்ல சார். உங்க வீட்லேர்ந்து வரும்போதே இருக்கு. சூடு பட்டதும் கிளம்புது, அவ்ளோதான். மெஷினப் பாருங்க" என்றார். நான் நம்பவில்லை. இரண்டு மாதம் அவருக்குத் துணி கொடுப்பதை நிறுத்தினோம். வாடை மட்டும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம். ஒரு ஹேர்பின், ஒரு இரண்டு ரூபாய்க் காசு, ஜோடி தொலைந்துபோன ஒரு குழந்தை சாக்ஸ். முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அண்ணன் சொன்னதுதான் சரி.

சுத்தம் செய்துவிட்டு அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. வாரத்தில் நாலு நாள் சோப்பும் தண்ணீரும் படும் ஒரு பொருள் எப்படி இவ்வளவு அழுக்காக முடியும்? அதைத் தேடிப் போனதில், விஷயம் மெஷினைவிடப் பழையது என்று தெரிந்தது. மனிதர்கள் துணியைக் கொதிக்க வைத்ததும், பிறகு கொதிக்க வைப்பதை விட்டதுமான கதை அது.

லிவர்பூலில் ஒரு கொப்பரை

1832-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் காலரா பரவியது. துறைமுக நகரம், நெருக்கமான ஏழைக் குடியிருப்புகள், ஒரே அறையில் பல பேர். நோயாளியின் படுக்கையையும் துணியையும் துவைக்க வெந்நீர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதற்கு வழியில்லை.

அந்தத் தெருக்களில் ஒன்றில் கிட்டி வில்கின்சன் என்ற பெண் இருந்தார். அயர்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே பஞ்சாலையில் வேலை பார்த்து, வீட்டு வேலைகளும் சலவையும் செய்து பிழைத்தவர். அவர் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு கொப்பரை இருந்தது. அதை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். வாரத்துக்கு ஒரு பென்னி கொடுத்தால் போதும், வந்து துணியைக் கொதிக்க வைத்துத் துவைத்துக்கொள்ளலாம். கிருமிநீக்கத்துக்கு குளோரைடு சுண்ணாம்பையும் பயன்படுத்தினார்கள். இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, அதேதான்.

பாஸ்டரும் கோக்கும் கிருமிகளைப் பற்றிப் பேசுவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய விஷயம் இது. காலராவுக்குக் காரணம் என்ன என்று அப்போது மருத்துவர்களுக்கே தெளிவில்லை. கிட்டிக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கொதிக்கவைத்த துணி ஆபத்தில்லாத துணி என்பது சலவைக்காரிக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய முயற்சியும் அதற்கு ஆதரவாக நின்றவர்களின் உழைப்பும் சேர்ந்து 1842-ல் லிவர்பூலின் ஃபிரெடரிக் தெருவில் நகரசபையின் பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் திறக்கப்பட்டன. பிறகு கிட்டியும் அவர் கணவரும் அதன் பொறுப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். 1846-ல் இங்கிலாந்தில் பொதுக் குளியலறை, சலவைக்கூடச் சட்டம் வந்தது. வெந்நீரில் துவைப்பது பொதுச் சுகாதாரத்தின் பகுதி என்று ஒரு அரசு சட்டமாகவே எழுதிவைத்தது.

நம் ஊர் ஆவி

இதைப் படித்தபோது வெள்ளாவி நினைவுக்கு வராமல் இருக்குமா? உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, அடுப்பின் மேல் வைத்த பானையைச் சுற்றி அடுக்கி, மூட்டம் போட்டு, இரவெல்லாம் ஆவியில் வேகவிடுவார்கள். விடிந்ததும் ஆற்றங்கரை, துவைகல், வெயில்.

உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. ஐரோப்பாவில் இதே வேலையை விறகுச் சாம்பல் செய்தது. சாம்பலை வடிகட்டி எடுத்த காரநீரைச் சூடாக்கித் துணிமேல் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றுவார்கள். இரண்டு ஊர்களிலும் சூத்திரம் ஒன்றுதான்: காரம், சூடு, நேரம். காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். சூடு மிச்சத்தைக் கொல்லும்.

இங்கே ஏக்கப் பெருமூச்சு விடும் எண்ணம் எனக்கில்லை. அந்த ஆவிக்குப் பின்னால் ஒரு சமூகத்தின் தலையில் பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை இருந்தது. ஊரே சுத்தமாக உடுத்த உழைத்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் இந்தச் சுமை பெண்களின் முதுகில் ஏறியது. ஆகவே சலவையை மெஷின் எடுத்துக்கொண்டது நல்லதுதான். ஆனால் எடுத்துக்கொண்டபோது எதை விட்டுவிட்டு வந்தது என்று பார்க்க வேண்டும்.

1937: வட்டக் கதவு

வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய, தானே துவைத்து, அலசி, பிழியும் முதல் மெஷினை 1937-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் காட்டியது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு, உள்ளே படுக்கைவசத்தில் சுழலும் உருளை. ஆம், முதல் ஆட்டோமேட்டிக்கே ஃபிரண்ட் லோடர்தான். அதிர்வு தாங்காமல் நகர்ந்துவிடும் என்பதால் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பிறகு அமெரிக்கா மேலே திறக்கும் மெஷின்களின் பக்கம் போனது. ஐரோப்பா முன்பக்கக் கதவிலேயே நின்றது. இது வெறும் வடிவ வித்தியாசம் இல்லை. அமெரிக்க மெஷினுக்கு வெந்நீர் வீட்டின் பெரிய ஹீட்டரிலிருந்து குழாய் வழியே வந்தது. கூடவே குளோரின் பிளீச் ஊற்றும் பழக்கமும் இருந்தது. ஐரோப்பிய மெஷின் குளிர்நீரை எடுத்து, தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் ஹீட்டரால் 90, 95 டிகிரி வரை சூடாக்கியது. ஜெர்மன் மெஷின்களில் 'கொதி சலவை' என்று தனியாகவே ஒரு தேர்வு உண்டு. கொப்பரை மறையவில்லை, மெஷினுக்குள் புகுந்துகொண்டது.

முன்பக்கக் கதவுக்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே கதவு இருப்பதால் சொட்டுக்கூடக் கசியாதபடி இறுக்கமாக மூட வேண்டும். உருளை ஆடும், கதவு ஆடாது. இரண்டையும் இணைக்க மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் வளையம் தேவை. அந்த மடிப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அடியில் பம்பைச் சுற்றியும் கொஞ்சம் தங்கும். கதவை மூடினால் உள்ளே காற்றுப் புகாது. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, சாப்பிட சோப்புக் கசடும் நம் உடம்பின் எண்ணெயும். கிருமிகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் 95 டிகிரி ஓடிக்கொண்டிருந்தவரை இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. என் தேடலில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: கொதிநீர் துணியை மட்டும் கழுவவில்லை, பாத்திரத்தையும் சேர்த்தே கழுவியது. யாரும் அதை ஒரு தனி வேலையாக நினைக்கவே இல்லை.

கொதியிலிருந்து 30 டிகிரிக்கு

சூடு ஒரே நாளில் குறையவில்லை. மூன்று பேர் சேர்ந்து அதை இறக்கினார்கள்.

முதலில் துணி. நைலான் 1930-களின் இறுதியில் வந்தது. பாலியெஸ்டரை 1941-ல் பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள். இவற்றைக் கொதிக்கவைத்தால் சுருங்கும், மடிப்பு விழுந்து நிற்கும். சாயத் துணிகளும் பெருகின. சட்டைக் காலருக்குள் '40' என்று எழுதிய சிறு தொட்டிப் படம் வர ஆரம்பித்தது.

அடுத்தது சோப்பு. 1907-ல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் பெர்சில் என்ற தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெர்போரேட், சிலிகேட் என்ற இரண்டு பொருள்களின் முதல் எழுத்துகளை ஒட்டவைத்த பெயர். பெர்போரேட் வெந்நீரில் ஆக்சிஜனை விடும், வெளுக்கும், கிருமியையும் தாக்கும். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய 60 டிகிரிக்கு மேல் வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் டிஏஇடி என்ற ஒரு துணைப்பொருளைச் சேர்த்து, 40 டிகிரியிலேயே வெளுக்கும் தூள்களைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கம் நொதிகள். 1913-லேயே ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர் விலங்குகளின் கணைய நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். 1960-களில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதிகள் வந்தபிறகுதான் அது பரவியது. ரத்தக் கறையையும் முட்டைக் கறையையும் எடுக்கக் கொதிநீர் தேவையில்லாமல் போயிற்று.

பிறகு திரவச் சோப்பு வந்தது. வசதியானது, தூள் மாதிரி கட்டி தட்டாது. ஆனால் வழக்கமான திரவச் சோப்பில் ஆக்சிஜன் வெளுப்பான் இருக்காது. திரவத்தில் அது நிலைத்து நிற்காது. இதைப் பாக்கெட்டில் யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

மூன்றாவது மின்சாரக் கணக்கு. வெந்நீரில் துவைக்கும்போது செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அது எல்லோர் கண்ணையும் உறுத்தியது. 1990-களில் ஐரோப்பாவில் மெஷின்களுக்கு மின்திறன் லேபிள் வந்தது. 2013 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு வீட்டு மெஷினிலும் 20 டிகிரி தேர்வு இருந்தே ஆக வேண்டும் என்று விதியாயிற்று. மிச்சம் பிடிக்கும் ஆட்டத்தில், '60' என்று போட்டிருக்கும் சிக்கனத் தேர்வு உண்மையில் 60-ஐத் தொடாமல், குறைந்த சூட்டில் அதிக நேரம் ஓடுவதும் வழக்கமாயிற்று.

மூன்றும் நியாயமான காரணங்கள்தான். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் முன்னேற்றம். மூன்றும் சேர்ந்தபோது, மெஷினுக்குள்ளிருந்த கொப்பரை அணைந்துபோனது. ரப்பர் மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

வழக்குமன்றமும் ஆய்வகமும்

அமெரிக்காவில் இந்தக் கதை வேகமாக நடந்தது. அங்கே 2004, 2007 என்று இரண்டு கட்டமாகத் திறன் விதிகள் கடுமையாயின. மேலே திறக்கும் மெஷின்களுக்குப் பழகிய வீடுகளில் ஃபிரண்ட் லோடர்கள் நுழைந்தன. சீக்கிரத்திலேயே பூஞ்சை நாற்றம் பற்றிய புகார்கள் பெருகி, பெரிய நிறுவனங்கள்மீது கூட்டு வழக்குகளாக மாறின. ஆளுக்குச் சில நூறு டாலர் நஷ்டம் உள்ளவர்கள் லட்சக்கணக்கில் ஒன்றாக வழக்குப் போடலாமா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. 2014-ல் ஒஹையோ மாநிலத்தில் விசாரணைக்கு வந்த ஒரு வழக்கில் ஜூரிகள் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

எனக்கு அந்த வழக்குகளில் சுவாரசியமாகப் பட்டது தீர்ப்பு இல்லை, கேள்விதான். நாற்றம் யாருடைய தப்பு? மடிப்பை வடிவமைத்தவரா, அதைத் துடைக்காதவரா? நான் மூன்றாவதாக ஒருவரைக் குற்றவாளி ஆக்கியிருந்தேனே!

ஜப்பானில் விஷயம் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே குளிர்நீரில் துவைப்பதுதான் பெருவழக்கு. மழைக்காலத்தில் துணியை அறைக்குள் காயப்போடுவார்கள். அப்படிக் காய்ந்த துணியின் வாடைக்கு அவர்கள் மொழியில் தனிச்சொல்லே உண்டு. 2012-ல் காவோ நிறுவன ஆய்வாளர்கள் அந்த ஈரத்துணி வாடைக்கு முக்கியக் காரணமான வேதிப்பொருளையும் அதை உண்டாக்கும் பாக்டீரியாவையும் பெயர் சொல்லி வெளியிட்டார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்பது அதன் பெயர். நம் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கில் வளர்ந்து ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை விடுகிறது. இது காய்ச்சலைத் தாங்கும், புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். அதாவது வெயிலில் காயப்போட்டாலும் முழுசாகச் சாகாது. துணியில் மறுபடி ஈரம் பட்டால் வாடை திரும்பவும் எழும்.

இஸ்திரிக்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள் இல்லையா? ஈரமும் சூடும் சேர்ந்ததும் அந்த அமிலம் ஆவியாகி மூக்குக்கு வருகிறது. "சூடு பட்டதும் கிளம்புது" என்று அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இப்போது என்ன செய்கிறேன்

திரும்பவும் எல்லாவற்றையும் கொதிக்க வைப்பதில் அர்த்தமில்லை. பாலியெஸ்டர் சட்டைக்கு 30 போதும். கொப்பரை சும்மா செய்துகொண்டிருந்த வேலையை நாம் தெரிந்தே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிடுகிறேன். ரப்பர் மடிப்பை விரித்து, பழைய துணியால் துடைக்கிறேன். முக்கியமாக அடிப்பக்கம், அங்கே சில சிறு துளைகள் இருக்கும், நூலும் முடியும் அடைத்துக்கொள்ளும். கதவையும் சோப்பு டிராவையும் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். சின்னக் குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீடு என்றால் இதில் கவனம் வேண்டும், உள்ளே ஏறிவிடுவார்கள். அந்த வீடுகளில் ஒன்றிரண்டு மணி நேரம் கண்காணிப்பில் திறந்து வைத்து, காய்ந்ததும் மூடிவிடலாம்.

துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரியில், திரவத்துக்குப் பதில் ஆக்சிஜன் வெளுப்பான் உள்ள தூளில் துவைக்கிறோம். மாதம் ஒருமுறை துணியே போடாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஒரு சுற்று. சில மெஷின்களில் இதற்கென்றே டிரம் சுத்தம் செய்யும் தேர்வு இருக்கும். அப்போது சோடியம் பெர்கார்பனேட் தூள் கொஞ்சம் போட்டால் நல்லது.

சோப்பைக் குறைத்தேன். ஃபிரண்ட் லோடர் தண்ணீரைச் சிக்கனமாக எடுக்கும். அதிகச் சோப்பு அலசி வெளியேறாமல் உருளையின் வெளிப்புறத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படியும். துணி மிருதுவாக்கும் திரவமும் அப்படித்தான், மெழுகு மாதிரி ஒட்டும். அதை நிறுத்தியே விட்டோம்.

கீழே சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். திறக்கும் முன் ஒரு தட்டையான தட்டு வையுங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். எங்கள் மாதிரி போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் உள்ளே சுண்ணாம்புப் படிவும் சேரும். அதற்குச் சிட்ரிக் அமிலம் போட்டுத் தனியாக ஒரு சுற்று. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குளோரின் பிளீச்சையும் வினிகர், சிட்ரிக் அமிலம் போன்ற எந்த அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

இத்தனையும் செய்தும் சாக்கடை நாற்றமே வந்தால், அது வேறு வியாதி. கழிவுக் குழாய் சாக்கடைக்குள் மிக ஆழமாகச் செருகியிருக்கிறதா, அங்கிருந்து காற்று திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முழுசாக வாடை போக மூன்று வாரம் ஆயிற்று. ரப்பர் வளையத்தில் ஊறிப்போன கறுப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் நாற்றம் இல்லை.

துணியை எடுத்துக்கொண்டு நானே இஸ்திரி வண்டிக்குப் போனேன். "தப்பு என் பேர்லதான்ணே, மெஷின்தான்" என்றேன். நாலு பேர் முன்னால் கேட்டதற்கு நாலு பேர் முன்னால் சொல்வதுதானே முறை. அவர் மேலே இருந்த சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். பிறகு தண்ணீர் தெளித்துக்கொண்டே, செங்கல்பட்டுப் பக்கம் தன் அப்பா வெள்ளாவி போட்டதைச் சொன்னார். ராத்திரி பூரா அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலையாம், அப்போது பத்து வயது. "அந்தத் துணியில வாடைன்னா என்னன்னே தெரியாது. ஆனா எங்களுக்குத் தூக்கம்னா என்னன்னே தெரியாது" என்றார்.

அந்த இரண்டு மாதத் துணிக்கான காசை அவர் கேட்கவில்லை. அப்போது எனக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. நாளைக்குப் போக வேண்டும்.